ஆள் மாறும் படகு

ஜனவரி 6

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கடிதம். அம்மா படித்துவிட்டு, அப்பா எழுந்ததும் கையில் கொடுக்கவும். இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் சுகம். எனக்கு மட்டும் கண் எரிச்சல். ஊருக்கெல்லாம் மூக்குக் கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவளுக்கே கண்ணாடி வேண்டியிருக்கிறது என்று கடையில் ஒரே கேலி.

விஷயத்துக்கு வருகிறேன். உங்களைத் தீவுக்கு அனுப்பப் போகிறேன். எங்கள் முதலாளியம்மா வருஷா வருஷம் போய்வருகிற இடம். சின்னத் தீவு, ஒரே ஒரு தெரு, கடலைப் பார்த்த மாதிரி ஒரு விடுதி. நாளுக்கு ஒரு படகு வரும், அதே படகு திரும்பிப் போகும். அங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று அந்த அம்மா சொன்னாள். எங்க அப்பா அம்மாவுக்கு அதுதான் வேணும் என்றேன்.

இத்தனை வயசாகியும் அவர்கள் எங்குமே போனதில்லையா என்று கேட்டாள். சொன்னேன். தம்பிக்குத் தூக்கத்தில் மூச்சு நின்றுவிடும், தட்டி எழுப்ப எப்போதும் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும், அதனால் பகல் அம்மாவுக்கு, ராத்திரி அப்பாவுக்கு, ஒருத்தர் தூங்கினால் ஒருத்தர் விழித்திருப்பார் என்று. மணி அடித்தால் தூங்குகிறவர் எழுந்துவிடுவார் என்று போன்கூட வாங்காத வீடு என்றும் சொன்னேன். அவள் அப்புறம் தம்பி இப்போது எப்படி இருக்கிறான் என்று கேட்டாள். போன வருஷம் போய்விட்டான் என்றேன்.

ஏப்ரலில் போகலாம். இரண்டு வாரம். மறுப்புச் சொல்லி எழுதினால் அந்தக் கடிதம் தபாலில் தொலைந்துவிட்டதாக வைத்துக்கொள்வேன்.

பிரியமுடன்,
பாப்பா


ஜனவரி 19

என் செல்லப் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொள், எரிச்சல் அடங்கும். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முழங்கால் படி ஏறும்போது மட்டும் தகராறு செய்கிறது. இறங்கும்போது வாயைத் திறப்பதில்லை. உன் அப்பா தூங்குகிறார், அதனால் சமையலறையில் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

தீவு என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் அங்கே போய் என்ன செய்வோம்? ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறாய். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் படகு ஏறிப் போகணுமா?

தையல் வேலையைக் குறைத்துவிட்டேன். பள்ளிக்கூட உடுப்பு ஒரு கட்டு மட்டும் வந்திருக்கிறது. முன்னறையில்தான் மெஷின். கட்டில் அப்படியே இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று ஒருநாள் மெத்தையைச் சுருட்டினேன், பிறகு விரித்துவிட்டேன். தூசி படியாமல் இருக்கட்டும் என்று விரிப்பு மாற்றுகிறேன், அவ்வளவுதான்.

நாங்கள் இரண்டு பேரும் கிளம்பிவிட்டால் வீட்டில் யார் இருப்பது? அதை நீ யோசிக்கவில்லை. வாசல் கதவுக்குப் பூட்டு இருக்கிறது, சாவி எங்கே என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வெளியிலிருந்து பூட்டியதே இல்லையே.

அப்பா எழுந்துவிட்டார் போல, இருமல் கேட்கிறது. மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்.

உன் அம்மா


ஜனவரி 23

அன்பு மகளுக்கு,

அப்பா. உடம்பு பரவாயில்லை. அச்சகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் கையில் மை இல்லாமல் பார்த்தால் எனக்கே யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. உன் கண் விஷயம் அம்மா சொன்னாள். டாக்டரிடம் காட்டு. விளக்கெண்ணெய் விடாதே.

தீவு பற்றிச் சில விவரம் தேவை. விடுதிக்கும் ஆஸ்பத்திரிக்கும் எவ்வளவு தூரம்? கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா? அறை கீழ்த்தளமா? படகில் படுக்க வைக்க இடம் இருக்குமா? வாசல் எவ்வளவு அகலம்?

கடைசி இரண்டையும் அடித்திருக்கிறேன். கை பாட்டுக்கு எழுதிவிட்டது. பதில் தேவையில்லை.

விடியப்போகிறது. அம்மா எழுந்து வந்தால் நான் படுக்கலாம்.

அப்பா


பிப்ரவரி 5

அன்புள்ள அப்பா, அம்மா,

இரண்டு உறையும் வந்தன. ஒரே வீட்டிலிருந்து எனக்கு இரண்டு தபால் வருவதைப் பார்த்துத் தபால்காரருக்கு என்ன தோன்றுமோ. உங்கள் உடம்பு தேவலை என்று தெரிந்து நிம்மதி. என் கண்ணும் தேவலை. யார் வைத்தியம் பலித்தது என்று சொல்லமாட்டேன், வீட்டில் சண்டை வரும்.

அப்பா, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஜெனரேட்டர் இருக்கிறது. கீழ்த்தளம்தான். ஆனால் இதையெல்லாம் கேட்கவேண்டிய அவசியம் இப்போது என்ன? நீங்கள் போய்ச் சாய்வு நாற்காலியில் படுக்கப் போகிறீர்கள். பசித்தால் சாப்பிடுவீர்கள். தூக்கம் வந்தால் தூங்குவீர்கள். வேறு ஒன்றும் கிடையாது.

அப்பா இன்னும் ராத்திரியில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாரா? அம்மா அதை எழுதவில்லை. நான்தான் கடிதத்திலிருந்து பொறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

அம்மா, வீட்டில் யார் இருப்பது என்று கேட்டிருக்கிறாய். வீட்டில் யாரும் இல்லை, அம்மா. இனிமேல் பூட்டலாம்.

பதில் போடவும்.

பாப்பா


மார்ச் 2

அன்புள்ள அம்மாவுக்கு, அப்பாவுக்கும்தான்,

நலமாக இருப்பீர்கள் என்று நானே எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பிப்ரவரி முழுக்க உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை.

போன கடிதத்தில் கடைசியாக எழுதியதை அப்படி எழுதியிருக்கக் கூடாது. கடையில் அன்றைக்கு ஒரே கூட்டம், எரிச்சலில் எழுதினேன். ஆனால் எழுதியது பொய்யும் இல்லையே, அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

படகுச் சீட்டு வாங்கி இதோடு வைத்திருக்கிறேன். அம்மாவுக்குத் தனி, அப்பாவுக்குத் தனி, போகவும் வரவும். அறை ஏப்ரல் பதிமூன்றிலிருந்து. நான் கோபமாக இல்லை. நீங்களும் இருக்கவேண்டாம்.

பாப்பா


மார்ச் 15

பாப்பாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்,

கோபமெல்லாம் யாருக்கு? வேலை இருந்தது, அதனால் எழுதவில்லை. எனக்கும் அப்பாவுக்கும் உடம்பு சரியாக இருக்கிறது. வெயில் ஆரம்பித்துவிட்டது. உங்கள் பக்கம் எப்படி?

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தொப்பி வேண்டும் என்று எதிர்வீட்டுக் கடிகாரக்காரர் சொன்னார். கடல் பார்த்த மனுஷன் இல்லை, ஆனால் எதைக் கேட்டாலும் தெரிந்த மாதிரி சொல்லுவார். அகல விளிம்பு வைத்து நானே ஒன்று தைத்தேன். உன் அப்பா போட்டுப் பார்த்துவிட்டு, விளக்குக்கு மூடி மாதிரி இருக்கிறது என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தாற்போல்தான் இருந்தது.

பூட்டு ரிப்பேர்காரரைக் கூட்டிவந்தோம். பழைய பூட்டு துருப்பிடித்து இறுகிவிட்டது, புதிதாகப் போட்டார். சரி, பழகிக்கொள்வோம் என்று ஒருநாள் சாயங்காலம் இரண்டு பேருமாகப் பூட்டிக்கொண்டு கிளம்பினோம். தெருமுனை தாண்டவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தால், அடுப்பை நான் அன்றைக்குப் பற்றவைக்கவே இல்லை. அவர் நேரே முன்னறைக்குப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் போய்ப் படுத்தேன்.

காலையில் நான் எழுந்து வந்தால் அவர் இன்னமும் சொல்லுவார், பாப்பா. ராத்திரி எப்படி இருந்தது என்று. முன்னே தம்பி தண்ணி குடிச்சான், புரண்டு படுத்தான், சளி இல்லை என்பார், நான் மாற்றி உட்காருவேன். இப்போது கரண்ட் போயிட்டு வந்தது, நாய் குலைச்சது என்கிறார். நானும் சரிங்க, நீங்க போய்ப் படுங்க என்கிறேன். வேறு என்ன சொல்ல?

நீ கவலைப்படாதே. நாங்கள் பேசி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டோம். நீ வாங்கிய சீட்டு வீணாகாது.

அம்மா


மார்ச் 27

அன்பு மகளுக்கு,

அப்பா. சுகம். சீட்டு வந்து சேர்ந்தது, பத்திரமாக இருக்கிறது.

ஒரு சந்தேகம். போகிற தேதியையும் வருகிற தேதியையும் மாற்றிக்கொள்ள முடியுமா? எல்லாவற்றையும் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அப்பா


ஏப்ரல் 4

அன்புள்ள அப்பா, அம்மா,

தாராளமாக மாற்றலாம். எந்தப் படகிலும் ஏறலாம், எந்த நாளும் திரும்பலாம், அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். இன்னும் நாலு நாள் இருக்கலாம் என்று தோன்றினாலும் இருங்கள். அப்பா கேட்டதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம். உங்கள் மாப்பிள்ளையிடம் மூன்று தடவை வாசித்துக் காட்டினேன். பார், அவங்களுக்கே இப்ப ஆசை வந்துடுச்சு என்றேன்.

அறையில் ஒரே பெரிய கட்டிலாம். ஜன்னலைத் திறந்தால் கடலாம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்கணைத்துப் படுத்து, ஒரே நேரத்தில் எழுந்து டீ குடிக்கவேண்டும். நான் கேட்பது இது ஒன்றுதான். நன்றாக இருக்கிறீர்களா என்று இந்தத் தடவை கேட்கவில்லை, அங்கே போய் எழுதுங்கள்.

உங்கள் பாப்பா


ஏப்ரல் 15

அன்பு மகளுக்கு,

தீவிலிருந்து அப்பா. நல்லபடியாக வந்து சேர்ந்தேன். படகு ஆடவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

நீ எழுதியபடியே இருக்கிறது. ஒரு தெரு. வலை காயப்போட்டிருக்கிறார்கள். கடல் பெரிதாக இருக்கிறது. அதைப் பற்றி வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. விடுதிக்கார அம்மா நல்ல மாதிரி. நான் மெதுவாகப் பேசுவதைப் பார்த்து, தொண்டை கட்டியிருக்கிறதா என்று கேட்டு வெந்நீர் கொடுத்தாள். நான் பேசுவதே அப்படித்தான் என்று சொல்லவில்லை, குடித்துவிட்டேன்.

கட்டில் பெரியது. எனக்கு அதில் வேலை இல்லை. வராந்தாவில் நாற்காலி இருக்கிறது, இருட்டினதும் அதில் உட்கார்ந்துகொள்கிறேன். கடல் சத்தம் சீராக வருகிறது. சில சமயம் ஒரு அலை வந்தபின் அடுத்தது வரத் தாமதமாகிறது. அப்போது எழுந்து நின்றுவிடுகிறேன்.

அன்றைக்கும் நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன் பாப்பா. கண்ணை மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன், தட்டினேன், தட்டிக்கொண்டே இருந்தேன். இதை உனக்கு எழுதியதில்லை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை படகில் அம்மா வருகிறாள். அதே படகில் நான் திரும்புகிறேன். மீதி நாள் அவள் இருப்பாள். நீ செய்த ஏற்பாடு ஒன்றும் வீணாகவில்லை, இரண்டு பேருமே தீவைப் பார்த்த மாதிரி ஆகிவிடும். வீட்டிலும் ஆள் இருக்கும்.

அப்பா


ஏப்ரல் 21

அப்பா, அம்மா,

இந்தக் கடிதத்தை எந்த விலாசத்துக்கு அனுப்புவது? இரண்டு பிரதி எழுதுகிறேன், ஒன்று வீட்டுக்கு, ஒன்று தீவுக்கு. விடுதிக்குப் போன் செய் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. செய்து என்ன பேசுவது? நம் வீட்டில் யாருக்குப் போனில் பேசத் தெரியும்?

அப்பா கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டது. இப்போது அப்பா வீட்டில் அந்தக் காலிக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பார். அம்மா தீவில் தனியாக இருப்பாள்.

எனக்கு அழுகை வரவில்லை, மரத்துப்போன மாதிரி இருக்கிறது. என் கல்யாணத்துக்குக் காலையில் அப்பா வந்தார், சாயங்காலம் அம்மா வந்தாள். எல்லோரும் கேட்டதற்கு, எங்க வீட்ல அப்படித்தான் என்று நானே சிரித்துக்கொண்டு சொன்னேன். அன்றைக்குக்கூட எனக்குக் குறை இல்லை. அவனுக்காகத்தானே, போகட்டும் என்று இருந்தேன். இப்போது யாருக்காக?

எனக்கு அம்மாவும் அப்பாவும் வேண்டும். ஆள் மாற்றி ஆள் இல்லை. சேர்ந்து. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோதே கேட்டிருக்கவேண்டும் என்று தோன்றுகிறது, அப்போது கேட்கிற மாதிரி இல்லை. இதற்குமேல் எழுத வரவில்லை.

பாப்பா


ஏப்ரல் 28

என் கண்ணான பாப்பாவுக்கு,

உன் கடிதம் தீவுக்கு வந்தது. வீட்டுக்கு அனுப்பியதைப் படிக்க அங்கே யாரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறோம். நீ பதறியிருப்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

நடந்ததைச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை கடிகாரக்காரரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு, இருட்டுவதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிடுவார், அதுவரைக்கும் இருங்கள் என்று சொல்லிப் படகு ஏறினேன். இறங்கும்போதே பார்த்தேன், உன் அப்பா படகுத்துறையில் பையோடு தயாராக நிற்கிறார், முகமெல்லாம் கறுத்திருக்கிறது. தொப்பியை மட்டும் தலையில் வைக்காமல் கையில் வைத்திருந்தார். படகுக்காரன் சீக்கிரம் ஏறுங்க என்று கத்திக்கொண்டிருந்தான்.

நான் எப்போதும் போல, சொல்லுங்க என்றேன். அவரும் எப்போதும் போலச் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். படகுக்காரன் இரண்டாம் தடவை கூப்பிட்டான். அப்புறம்தான் சொன்னார்.

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல."

சரிங்க, நீங்க போய்ப் படுங்க என்று என் வாயில் தானாக வந்தது. எங்கே போய்ப் படுப்பது? படகு கிளம்பிவிட்டது. இரண்டு பேரும் அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஓடிப் பிடிக்கிற தூரம்தான், கூப்பிட்டால் நிறுத்தியிருப்பான். அவரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

கடிகாரக்காரர் எழுதிக் கொடுத்திருந்த செல் நம்பருக்கு விடுதிக்கார அம்மாதான் போன் போட்டுக் கொடுத்தாள். நீங்களே பூட்டி, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அப்பாடா என்றார். பாவம், மதியத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லையாம். வீட்டை விட்டு நகரக் கூடாது என்று நான் சொன்னதை நாற்காலியை விட்டு என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அன்றைக்கு ராத்திரி நான் படுத்தேன், அவர் வராந்தாவுக்குப் போனார். நானும் எழுந்து போய் இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். நீ தூங்கு என்றார். நீங்க தூங்குங்க என்றேன். எப்போது கண் அசந்தோம் என்று தெரியாது. முழிக்கும்போது நல்ல வெயில், முகத்தில் சுடுகிறது, அவர் தலை என் தோளில் இருக்கிறது. நான் அசைந்ததும் அடித்துப் பிடித்து எழுந்தார்.

"யாரு பாத்துக்கிட்டா?" என்றார்.

"யாரும் பாக்கல" என்றேன். "ரெண்டு பேருமே தூங்கிட்டோம்."

அவர் நின்றபடியே இருந்தார். எனக்கும் எதையோ கோட்டை விட்டுவிட்ட மாதிரி, ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்கிற மாதிரி இருந்தது. எங்கே ஓடுவது? அவர் மெதுவாக உட்கார்ந்தார். குழந்தை கேட்கிற மாதிரி கேட்டார்.

"அவன் செத்துட்டான்ல?"

ஆமாங்க என்றேன்.

அப்புறம் அழுதோம் பாப்பா. அவர் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததே இல்லை. அத்தனை வருஷம் மெதுவாகவே பேசின மனுஷன். தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள். நானும் வாய்விட்டு அழுதேன். தடுக்க யாரும் இல்லை, எழுந்துவிடுவார்கள் என்று பயப்பட யாரும் இல்லை.

விடுதிக்கார அம்மா கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். என்னாச்சு, யாருக்கு என்னாச்சு என்று கேட்டாள்.

எங்க பையன் போயிட்டான் என்றார் உன் அப்பா.

அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். எப்போ என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார்.

போன வருஷம் என்றேன்.

உன் அம்மா